வெளிறாத சூரியன்

அத்தியாயம் 4

சாணைச் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் சிற்றம்பலத்தின் முழங்கால்கள் நடுங்கின. வேட்டி கட்டியிருந்ததால் அது வெளியே தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற கெர்ட்ரூட்டுக்கு மட்டும் தெரிந்தது. அவள் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். “சார், உங்க வேட்டி டான்ஸ் ஆடுது. மியூசிக் எங்கன்னு அவன் கேக்கப் போறான்.”

“சும்மா இரும் பிள்ளை.”

“சும்மா இருந்தா அழுதுடுவேன் சார். பேசிட்டே இருந்தாத்தான் பயம் தெரியாது.”

எதிரே, எண்ணெய் ஊறிய தரையில், கெம்பெத்தாய் என்ற ஜப்பான் ராணுவப் போலீஸின் சார்ஜண்ட் இவாசாகி கால்களை அகற்றி நின்றுகொண்டிருந்தான். அவன் வாளின் நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மலாயாவில், குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த இடம் யுத்தத்துக்கு முன் பஸ் ஷெட். இந்த 1943-இல் ஜப்பான் ராணுவ லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை.

சிற்றம்பலம் வெள்ளைக்காரன் காலத்தில் ஜொகூர் போலீஸில் துப்பறியும் இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஜப்பான்காரன் வந்த பிறகு மார்க்கெட் பக்கம் ஒரு மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவள் கெர்ட்ரூட். முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊரில் எல்லாருடைய குரலும் அவளுக்குத் தெரியும். அவளுடைய வாய் ஊருக்கே தெரியும். இன்று காலை ஒரு சிப்பாய் வந்து இருவரையும் மேசையிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

“நீ பழைய மாத்தா மாத்தா,” என்றான் இவாசாகி. அவன் பேசியது உடைந்த மலாய்; மாத்தா மாத்தா என்றால் போலீஸ்காரன். “லாரிகள் நிற்கின்றன. நிறுத்துகிறவனின் பெயர் எனக்கு வேண்டும்.”

சிம்பாங் ரெங்கம் ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவழியில் நின்றுபோயின. எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. எஞ்சினுக்குள் கை நீளத்தில் ஓர் உருக்குத் தண்டு உண்டு. கேம் ஷாஃப்ட். அதில் வரிசையாக முட்டை வடிவப் புடைப்புகள். தண்டு சுழலும்போது அந்தப் புடைப்புகள்தான் வால்வுகளைத் தூக்கித் திறக்கும். புடைப்பு தேய்ந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். புது ஷாஃப்ட் எந்தக் கப்பலிலும் வருவதில்லை. அதனால் தேய்ந்த இடத்தில் வெல்டிங் செய்து உலோகத்தை ஏற்றி, சாணையில் கொடுத்து, தகட்டு அச்சு வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பட்டறையில் வெல்டிங் அமலநாதன். சாணை அர்ச்சுனன்.

அர்ச்சுனன் நேற்றே லாக்கப்பில். புடைப்புகளை வேண்டுமென்றே அதிகமாகத் தேய்த்தான் என்பது இவாசாகியின் முடிவு.

அமலநாதன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

சிற்றம்பலம் நின்றுபோன லாரியிலிருந்து கழற்றிய ஷாஃப்டை எடுத்து, தேய்ந்த புடைப்பைச் சக்கரத்தில் வைத்தார். பொறிகள் மங்கலான கோடுகளாக நீண்டு விழுந்தன. பிறகு, வெல்டிங் படாத ஒரு புடைப்பை வைத்தார். இப்போது பொறிகள் கம்பி மத்தாப்பு போலப் பூத்துச் சிதறின.

“நல்ல உருக்கு என்றால் பொறி பூக்கும், துவான்,” என்றார் மலாயில். “வெறும் இரும்பு என்றால் பூக்காது. அர்ச்சுனன் தப்பாகத் தேய்க்கவில்லை. மேலே ஏற்றிய உலோகம் சொத்தை. லாரி ஓட ஓட அதுவே தேய்ந்துவிட்டது.”

இவாசாகியின் தலை மெதுவாக அமலநாதன் பக்கம் திரும்பியது.

“அவர் தமக்குக் கொடுத்த வெல்டிங் கம்பியைத்தான் உருக்கினார்,” என்று சிற்றம்பலம் அவசரமாகச் சொன்னார். “நல்ல கம்பியின் நுனியில் சிவப்பு அடையாளம் உண்டு. சிவப்பு நுனி இருந்தால்தான் உங்கள் சிப்பாய் உருக்கவே விடுவான், இல்லையா?”

கம்பி வைத்திருந்த தகர டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். எல்லாக் கம்பிக்கும் நுனி சிவப்பு. ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தவர், சிலவற்றை மட்டும் தனியே ஒதுக்கினார். “தொழிற்சாலையில் முக்கி எடுத்த சிவப்பு வழவழப்பாக இருக்கும். இவை கையால் பூசியவை. பாருங்கள், பிரஷ் மயிர் ஒன்று ஒட்டியிருக்கிறது.”

அதில் ஒன்றைச் சக்கரத்தில் வைத்தார். ஒரு பூவும் பூக்கவில்லை.

“தோட்டத்து வேலிக் கம்பி,” என்றார். குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. “யாரோ சிவப்புப் பூசி நல்ல கம்பியோடு கலந்திருக்கிறார்கள்.”

இவாசாகி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சிற்றம்பலத்தின் பெருமை வற்றிப்போனது.

“நல்ல மூளை. சூரியன் மறையும் முன் சிவப்புப் பூசியவனின் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் அர்ச்சுனன்.” கட்டை விரலால் வாளின் பிடியை ஒரு முறை தட்டினான். “அதற்குப் பிறகு நீங்கள் இருவரும்.”

வெளியே வந்து, காவல் சிப்பாய்க்கு இடுப்பு வரை குனிந்து வணங்கி, கெர்ட்ரூட் தெருமுனை வரை வேகமாக நடந்தாள். திரும்பியதும், “அலமாக்! சார், உங்க மூளைய ஒரு நாளாச்சும் வீட்ல வச்சிட்டு வரக்கூடாதா?” என்றாள்.

“அர்ச்சுனன வெளியில எடுக்கலாமெண்டு நினைச்சன்.”

“எடுத்தீங்களே, நம்ம ரெண்டு பேரையும் உள்ள தள்ளுற மாதிரி.”

சிற்றம்பலம் ஒரு போலிக் கம்பியை மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார். வேட்டி மறைவில் அதன் நுனியைப் பார்த்தார். “பளபளக்கிற எனாமல் பெயின்ட். இந்த ஊரில இப்ப சிவப்புப் பெயின்ட் எங்க கிடக்கு, பிள்ளை?”

“கடையில உப்பே இல்ல சார். பெயின்ட்டுக்கு எங்க போறது?”

“அதுதான். இல்லாத சாமான் ஒருத்தனிட்ட இருந்தா அதை வேற எதுக்குப் பாவிப்பான்? சிவப்பு இல்லாம இந்த ஊரே எதுக்குக் கஷ்டப்படுது?”

கெர்ட்ரூட் நின்றாள். கண்கள் மேலே போயின. கடை வாசல்களிலும் வீட்டு வாசல்களிலும் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லா வீட்டிலும் ஜப்பான் கொடி ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. மாவு மூட்டைத் துணியிலும் பழைய வேட்டியிலும் கிடைத்த சாயத்தைக் கொண்டு சிவப்புச் சூரிய வட்டம் போட்டிருந்தார்கள். மழையும் வெயிலும் அந்தச் சூரியன்களைத் தின்றுவிட்டிருந்தன.

“அது வெத்தலைச் சூரியன்,” என்று கெர்ட்ரூட் தாழ்ந்த குரலில் தொடங்கினாள். “அது செம்பருத்திச் சூரியன். அந்த சைனா கடையில தொங்குறது… சார், அது சூரியனே இல்ல, தக்காளி ரசம் கொட்டின கறை.”

“எனக்கு மழையில வெளிறாத சூரியன் வேணும். தேடும்.”

மார்க்கெட் தெரு, ரயில்வே லைன் வீடுகள், கிழங்கு விற்கும் சந்து. நடந்தார்கள். சந்துக்குச் சந்து சிப்பாய். சிப்பாய்க்குச் சிப்பாய் குனிய வேண்டும். ஒரு முறை சிற்றம்பலம் குனிந்தபோது மடியிலிருந்த கம்பி வேட்டியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கெர்ட்ரூட் தன் துணிப்பையை அதன்மேல் சாய்த்துவிட்டு, “பல்லு வலிக்கு மருந்து வாங்கப் போறோம்” என்று மலாயில் உளறினாள். சிப்பாய் போகச் சொல்லிக் கையை அசைத்தான். அவன் பார்வை மறையும் வரை அவள் பையை எடுக்கவே இல்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டு வரிசை. அங்கே, மூன்று வெளிறிய கொடிகளுக்கு நடுவே, புதிய ரத்தம் போல ஒரு சூரியன் பளபளத்துக்கொண்டிருந்தது.

சிற்றம்பலம் கம்பியின் நுனியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். அதே சிவப்பு.

“ஆரின்ர வீடு?”

கெர்ட்ரூட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

“அமலநாதன் வீடு சார்,” என்றாள். “பக்கத்து வீடு அர்ச்சுனன் வீடு.”

கதவைத் திறந்தது அமலநாதனின் மனைவி கத்தரின். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

“சார், அர்ச்சுனன் அண்ணன விட்டுட்டாங்களா?”

சிற்றம்பலம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். “வாசல்ல இருக்கிற கொடிக்கு ஆர் பிள்ளை பெயின்ட் அடிச்சது?”

“நான்தான். ரோந்து வந்தவன் கொடி வெளுத்துப் போச்சுன்னு அறைஞ்சான். இன்னும் பல்லு ஆடுது. அடுப்படி மூலையில செரட்டையில சிவப்பா இருந்துச்சு. எடுத்துப் பூசிட்டேன்.” அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏன் சார்? தப்பா?”

பின்கட்டு வாசலில் அமலநாதன் நின்றுகொண்டிருந்தார். பட்டறையை மூடிவிட்டதால் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி சொன்னதைக் கேட்டதும் அவர் கண்கள் வாசல் பக்கம் ஓடின. கொடியை அவர் அதுவரை கவனிக்கவே இல்லை போலும். அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சொல்லும் அமலநாதன்,” என்றார் சிற்றம்பலம்.

“இவ தம்பி மைக்கல்…” அமலநாதனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “தோட்டத்து ஆளுங்கள சயாம்ல ரயில் ரோட்டு போடுற வேலைக்குப் பிடிச்சாங்களே, அப்ப முதல் லாரியில ஏத்திட்டாங்க சார். அது நான் சரி பண்ணுன லாரி. ரெங்கத்துலேர்ந்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு தடவ கூட நிக்காம ஓடுச்சு. என் கை வேலைன்னு அன்னைக்குப் பட்டறையில எல்லாரும் மெச்சினாங்க. மைக்கல் போனவன் போனவன்தான். சேதி இல்ல.”

கத்தரின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் இது புதிது.

“அதுக்கப்புறம்தான் வேலிக் கம்பிய கலந்தேன். வண்டி ரப்பர் காட்டு நடுவுல நின்னா சனங்க எறங்கி ஓடிடறாங்க சார். காவலுக்கு ரெண்டு பேர்தான் வர்றான், எத்தனை பேரைப் பிடிப்பான்?”

“நல்ல கம்பியெல்லாம்?”

“கக்கூஸ் குழியில.”

“அர்ச்சுனன் உள்ள கிடக்கிறான். நீர் ஏன் வாய் திறக்கேல்லை?”

“திறந்தேன் சார். நேத்து ரெண்டு தடவ கெம்பெத்தாய் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். குரலே வரல. வேத்து வேத்து ஊத்துது, குரல் மட்டும் வரல. அவனுக்கு எதுவும் தெரியாது, அடிச்சுட்டு விட்டுடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்.”

சிற்றம்பலம் அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் சாணைப் பொறிய ஒருக்காப் பாத்தவுடன சொத்தை இரும்பெண்டு கண்டுபிடிச்சனான். அர்ச்சுனன் ஒவ்வொரு நாளும் அந்தப் பொறிக்கு முன்னாலதான் நிக்கிறான். பூக்காத பொறி அவன்ர கண்ணில படாமலோ போயிருக்கும்? முதல் ஷாஃப்ட்டிலயே தெரிஞ்சிருக்கும், அமலநாதன். தெரிஞ்சுதான் தேய்ச்சுக் குடுத்தவன். நேத்து முழுக்க அடிச்சிருப்பாங்கள். உம்மட பேர் அவன்ர வாயில இருந்து வரேல்லை.”

அமலநாதன் முகத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

கெர்ட்ரூட் ஜன்னல் இடுக்கால் தெருவைப் பார்த்தாள். “சார், பேரக் குடுத்தா இவரு. குடுக்கலேன்னா அவரு. அப்புறம் நாம. என்ன செய்யப் போறோம்?”

“தெரியேல்லை பிள்ளை. எனக்கும் பயமாத்தான் கிடக்கு.” சிற்றம்பலம் சிரட்டையை எடுத்துப் பார்த்தார். அடியில் சிவப்பு காய்ந்து கிடந்தது. “இந்தப் பெயின்ட் உமக்கு எங்கால வந்தது?”

“கெம்பெத்தாய் ஸ்டேஷன்ல. லாக்கப் கதவுக் கம்பி விட்டுப் போச்சுன்னு வெல்டிங் பண்ணக் கூப்பிட்டாங்க. ஒரு சிப்பாய் வாசல் போர்டுல சூரியன் வரைஞ்சிட்டிருந்தான். கீழ வழிஞ்சு கிடந்தத வழிச்சிட்டு வந்தேன்.”

“அந்தப் பெயின்ட் டின்?”

“சார்ஜண்ட் ரூம் அலமாரியில. அவனே பூட்டி வச்சுக்குவான்.”

சிற்றம்பலம் நிமிர்ந்தார். “கத்தரின், அந்தக் கொடியைக் கழட்டும். இந்தச் சிரட்டையோட சேர்த்து இப்பவே எரிக்க வேணும்.”

“ஐயோ, கொடியை எரிச்சா தலைய எடுப்பாங்களே!”

“எரிக்காட்டியும் எடுப்பாங்கள்.”

கெர்ட்ரூட் தெருவில் சிப்பாய் இல்லாத சமயம் பார்த்துக் கொடியை உருவி உள்ளே எறிந்தாள். அடுப்பில் வைத்ததும் எனாமல் கருகிக் கரும்புகை கிளம்பியது. ஊருக்கே நாறும் போல இருந்தது. அவள் பானைகளை உருட்டித் தேடி, ஒரு பிடி கருவாட்டை அள்ளித் தணலில் போட்டாள். “இப்ப வந்தா வரட்டும். இந்த நாத்தத்துல ஜப்பான்காரன் என்ன, பேய் கூட உள்ள வராது.”

புதுக் கொடிக்குத் தலையணை உறை கிடைத்தது. சாயத்துக்கு வழி இல்லை. கெர்ட்ரூட் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அர்ச்சுனனின் மனைவி கிருஷ்ணம்மா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் குங்குமம் வேணும்.”

“எதுக்கு?”

கெர்ட்ரூட்டுக்கு வாயில் ஒரு பொய் கூட வரவில்லை. கிருஷ்ணம்மா அவள் முகத்தையே பார்த்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் உள்ளே போய், சிமிழை அப்படியே கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து வட்டம் போட்டுக் கட்டி முடிக்கும்போது சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. புதுச் சூரியன் ஒழுகி, கொஞ்ச நேரத்தில் தெருவில் இருந்த மற்றச் சூரியன்களைப் போலவே ஆகிவிட்டது.

“நீர் வீட்டை விட்டு அசையக் கூடாது,” என்று அமலநாதனிடம் சொல்லிவிட்டு சிற்றம்பலம் கெர்ட்ரூட்டோடு மழையில் இறங்கினார்.

கெம்பெத்தாய் ஸ்டேஷன் வாசலில் பெரிய வெள்ளைப் பலகை. நடுவே சிவப்புச் சூரியன். மழைத் துளிகள் அதில் ஒட்டாமல் உருண்டு விழுந்தன.

இவாசாகி தாழ்வாரத்துக்கு வந்தான். “பெயர்?”

“பெயர் கொண்டு வரவில்லை, துவான். நிறம் கொண்டு வந்திருக்கிறேன்.” சிற்றம்பலம் கம்பியை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். “இந்தச் சிவப்பு ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. ஒவ்வொரு கொடியும் வெளிறிக் கிடக்கிறது. ஆள் அனுப்பிப் பார்க்கலாம்.”

இவாசாகி ஆள் அனுப்பினான். சிப்பாய் சைக்கிளில் போய்த் திரும்பும் வரை இருவரும் முற்றத்து மழையில் நின்றார்கள். உள்ளே எங்கோ ஒருவர் முனகும் சத்தம் கேட்டது. கெர்ட்ரூட் உதட்டுக்குள் மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

சிப்பாய் வந்து தலையை ஆட்டினான். எல்லாக் கொடியும் வெளிறியவைதான்.

“அப்படியானால் இந்த வண்ணம் எங்கே இருக்கிறது?” என்றான் இவாசாகி.

சிற்றம்பலம் வாசல் பக்கம் திரும்பினார். பலகையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

இவாசாகி கத்தியை எடுத்தான். பலகையின் ஓரத்தில் சுரண்டினான். கம்பியின் நுனியிலும் சுரண்டினான். இரண்டு சிவப்புச் சுருளும் அவன் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எது எது என்று அவனுக்கே தெரியவில்லை.

“நல்ல உருக்குக் கம்பிக்குக் கள்ளச் சந்தையில் கிராக்கி அதிகம்,” என்றார் சிற்றம்பலம், தரையைப் பார்த்தபடி. “அதை விற்றுவிட்டு வேலிக் கம்பியை வைத்தவனுக்கு இந்த டின்னைத் திறக்க முடிந்திருக்கிறது. பெயர் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் தெரியும்.”

இவாசாகியின் கை அவனை அறியாமல் சட்டைப் பையைத் தொட்டது.

தாழ்வாரத்தில் நின்ற சிப்பாய்களை அவன் அதட்டி விரட்டினான். அவர்கள் போனதும் சிற்றம்பலத்தின் அருகே வந்தான். “பலகைக்கு வண்ணம் அடித்தபோது வெளியாள் யாராவது இங்கே வந்தானா?”

சிற்றம்பலம் வேட்டியிலிருந்த மழைநீரைப் பிழிந்தார். இதை அவர் எதிர்பார்த்திருந்தார்.

அப்போது வாசலில் ஒரு குரல் கிழிந்துகொண்டு வந்தது.

“நான்தான் சார்! நான்தான் செஞ்சேன்! அர்ச்சுனன விட்டுடுங்க!”

மழையில் தொப்பலாக நனைந்து அமலநாதன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளாக வராத குரல் இப்போது வந்துவிட்டது. காவல் சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அவரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“யார் அது? என்ன சொல்கிறான்?” என்றான் இவாசாகி, மழைத் திரையில் முகம் தெரியாமல்.

சிற்றம்பலம் வாசல் பக்கம் ஓரடி வைத்தார். முந்திக்கொண்டவள் கெர்ட்ரூட்.

“பட்டறை வெல்டிங்காரர், துவான்,” என்றாள் கணீரென்ற மலாயில், எக்ஸ்சேஞ்சில் பேசும் அதே குரலில். “‘வெல்டிங் நான்தான் செய்வேன், ஆனால் சாணைக்கு அர்ச்சுனனை விட்டால் ஆள் இல்லை’ என்கிறார். நாளைக்கு லாரி ஓட வேண்டுமாம்.”

“நான்தான் பெயின்ட் அடிச்சேன்!” என்று அமலநாதன் மறுபடி கத்தினார்.

“பெயின்ட் காய்வதற்குள் வேலையைத் தொடங்க வேண்டுமாம்,” என்றாள் கெர்ட்ரூட், கண் இமைக்காமல். பிறகு அமலநாதனைப் பார்த்துத் தமிழில் கத்தினாள். “வாய மூடுங்க லா! இன்னொரு வார்த்த பேசினீங்கன்னா அர்ச்சுனன் அண்ணனும் செத்தாரு, நாங்களும் செத்தோம்!”

அமலநாதன் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

இவாசாகி அவரைக் கூர்ந்து பார்த்தான். பிறகு அவன் கண்கள் தாழ்வாரக் கடைசியில் இருந்த லாக்கப் கதவுக்குப் போயின. கதவில் புதிதாக வெல்டிங் செய்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அது அமலநாதன் வந்து செய்த வேலை.

“வெளியாள் விசாரணை என்றால் சிங்கப்பூர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், துவான்,” என்று கெர்ட்ரூட் பணிவாகச் சொன்னாள். “நானே டைப் அடித்துத் தருகிறேன். பெயின்ட் எங்கே பூட்டியிருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்று முதலிலேயே எழுத வேண்டியிருக்கும்.”

இவாசாகியின் நெற்றியில் வியர்த்திருந்தது. அந்த மனிதனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான், அவனிடமும் ஒரு வாள் இருக்கிறது என்பது சிற்றம்பலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“அறிக்கை வேண்டாம்,” என்றான் இவாசாகி. இரண்டு சிவப்புச் சுருள்களையும் மழைத் தண்ணீரில் உதறினான். “இனிமேல் கம்பியை நானே என் கையால் கொடுப்பேன்.”

அர்ச்சுனனைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கிக் கண்கள் மூடியிருந்தன. அமலநாதன் ஓடிவந்து அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கேட்டைத் தாண்டியதும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அர்ச்சுனன் தலையை அசைத்துத் தடுத்தார்.

“தெரியும் அண்ணே. நடங்க.” கொஞ்ச தூரம் போன பிறகு, உடைந்த உதட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். “அவன் நல்ல கம்பியே குடுக்கட்டும். சாணை என் கையிலதானே இருக்கு.”

கெர்ட்ரூட் அதைக் கேட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். சிற்றம்பலம் கேளாதது போல நின்றார்.

“மாத்தா மாத்தா!”

இருவரும் திரும்பினார்கள். இவாசாகி தாழ்வாரத்தில் நின்றபடி கூப்பிட்டான். முகத்தில் வியர்வை காய்ந்துவிட்டிருந்தது. பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

“நல்ல மூளை. நாளையிலிருந்து உன் மேசை இங்கே, என் அறையில். முதல் வேலை, லாரியிலிருந்து இறங்கி ஓடியவர்கள். அவர்கள் காட்டில் இல்லை. ஊருக்குள்தான் எங்கோ ஒளிந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கண்டுபிடி. ஒளித்து வைத்திருப்பவர்களையும்.”

சிற்றம்பலம் இடுப்பு வரை குனிந்தார். நிமிர்வதற்கு வெகுநேரம் ஆனது.

தெருவில் இறங்கி நடந்தார்கள். மழை விட்டிருந்தது. ஒரு சிப்பாய்க்குக் குனிந்தார்கள், அடுத்த சிப்பாய்க்குக் குனிந்தார்கள்.

“என்ன பிள்ளை, வாய் அடைச்சுப் போச்சோ? ஏதாவது பகிடி விடும்,” என்றார் சிற்றம்பலம்.

அவள் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மிக மெல்லச் சொன்னாள்.

“சார், ஓடினவங்கள்ள ரெண்டு பேரு எங்க வீட்டுப் பரண்மேலதான் இருக்காங்க.”